கட்டைவிரலளவு ஆறு

ஜோத்பூர்

முகவைச் சீமையில் பிறந்தவனுக்கு வறட்சி புதிதன்று. வைகை மணலில் முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்து, அதில் ஊறி வரும் ஜலத்தைச் சிரட்டையால் கோதிக் குடத்தில் நிரப்பும் பெண்களுக்கிடையே வளர்ந்தவன் நான். ஆற்றில் தண்ணீர் ஓடும் என்பதே பாடப்புத்தகம் படித்த பிறகு எனக்குத் தெரியவந்த சங்கதி. ஆகவே, தார் பாலைவனத்தின் மணலுக்கடியில் புதைந்துபோன ஒரு நதியை ஆகாயத்திலிருந்து கண்டுபிடித்தார்கள் என்று முதன்முதல் கேள்விப்பட்டபோது, மற்றவர்களுக்கு உண்டான ஆச்சரியம் எனக்கு உண்டாகவில்லை. மணலுக்கடியில் இல்லாமல் நதி வேறெங்கே இருக்கும் என்றுதான் தோன்றிற்று.

தை மாதத்துக் குளிரில், விடிந்தும் விடியாத பொழுதில் ஜோத்பூரில் இறங்கிய என்னை அழைத்துச் செல்ல வந்திருந்த நண்பர், பாலைவனத்தைப் படமாக்கும் உத்தியோகத்திலேயே தம் ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் போனதும் காப்பி விசாரணை, குசலப் பிரச்னம் எதுவுமின்றி, சாப்பாட்டு மேஜையின்மீது இரண்டடி நீளச் சுருள் ஒன்றை விரித்து, நான்கு மூலைகளிலும் பித்தளைத் தம்ளர்களை வைத்து அழுத்தினார். சாட்டிலைட் எடுத்த படம் அது. இரண்டரை லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் அச்சிட்டது. ஒரு சென்டிமீட்டர் தூரத்தை விரலால் கடந்தால் தரையில் இரண்டரைக் கிலோமீட்டர் நடந்ததாகக் கணக்கு.

நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரைச் செடிகொடிகள் மிகுதியாகத் திருப்பி அனுப்புகின்றன. அந்தக் கதிருக்குச் சிவப்பு வர்ணம் கொடுத்து அச்சிடுவது வழக்கமாதலால், இத்தகைய படங்களில் பயிர் இருக்குமிடம் செக்கச் செவேலென்றும், தேங்கிய தண்ணீர் கறுப்பாகவும், வெறும் மணல் வெளிறியும் தென்படும். அப்படி வெளிறிக் கிடந்த ஒரு பிரதேசத்தின் குறுக்கே, கிழக்கிலிருந்து தென்மேற்காக, யாரோ குங்குமத்தைத் தோய்த்து இழுத்துவிட்டதுபோல் ஒரு பட்டை வளைந்து சென்றது. "இதுதான்" என்றார் நண்பர். நதி போய்விட்டாலும் அது கொணர்ந்து சேர்த்த வண்டல், சுற்றியுள்ள மணலைவிட ஈரத்தைச் சற்றே அதிக நாள் பிடித்து வைக்கிறது. அந்த ஈரத்தை நம்பிச் செடி சற்றே நெருக்கமாக முளைக்கிறது. தரையில் நிற்பவன் கண்ணுக்குத் தெரியாத அந்தச் 'சற்றே'தான், ஆகாயத்திலிருந்து பார்ப்பவனுக்கு நதியின் வடிவமாகத் திரண்டு தெரிகிறது.

முதல் லாண்ட்சாட் சாட்டிலைட் 1972-இல் மேலே சென்றது. அந்த வரிசை அனுப்பிய படங்களைக் கொண்டு, இதே ஜோத்பூரில் 1959 முதல் இயங்கிவரும் மத்திய வறள்நில ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பிமல் கோஷ், அமல் கர் முதலானோர், பாலைவனத்துக்குள் மறைந்த பழைய ஆற்றுத் தடங்களைக் குறித்து 1979-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மறு ஆண்டே யஷ் பாலும் அவருடைய சகாக்களும், பஞ்சாபின் ஷத்ராணாவிலிருந்து இன்றைய பாகிஸ்தானிலுள்ள மரோட் வரையில் அந்தத் தடம் ஆறு முதல் எட்டுக் கிலோமீட்டர் அகலம் குன்றாமல் செல்கிறது என்று எழுதினார்கள். எட்டுக் கிலோமீட்டர்! அக்கரையில் நிற்பவனை இக்கரையிலிருந்து கூப்பிட முடியாத அகலம்.

ரேடார் செய்த காரியம் இன்னும் விநோதமானது. 1981 நவம்பரில் கொலம்பியா விண்ணோடத்தில் சென்ற ரேடார் கருவி, எகிப்துக்கும் சூடானுக்கும் இடையே புல் பூண்டற்றுக் கிடக்கும் செலிமா மணற்பரப்பின்மீது 23 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள அலைகளை வீச, அவை மேல்மணலை ஊடுருவிச் சென்று, அடியில் புதைந்திருந்த பழைய பள்ளத்தாக்குகளில் பட்டுத் திரும்பி, எவரும் கனவிலும் கருதாத ஆறுகளைப் படத்தில் வரைந்துவிட்டன. ஆனால் அலை இறங்குவது ஓரிரண்டு மீட்டர்தான். அதுவும் மணல் எலும்பாய்க் காய்ந்திருந்தால்தான். ஈரம் பட்டால் மேலேயே நின்றுவிடும். ஜலம் ஓடிய வழியைக் காட்டித் தருவதற்கும் மணல் வறண்டிருக்க வேண்டும் என்ற இந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நண்பரின் மனைவியார் தம்ளர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டபடியால் சுருள் தானாகச் சுருட்டிக்கொண்டது, சாப்பிட உட்கார்ந்தோம். கம்பு ரொட்டி, உருகிய நெய், கேர்-சாங்கிரி என்னும் கறி. சாங்கிரி என்பது கேஜ்ரி மரத்துக் காயின் வற்றல். அந்த மரம் வேறெதுவுமல்ல, நம் வன்னிதான். நம் பக்கத்தில் கோயில் பிராகாரத்தில் ஒற்றையாக நின்று பிரதட்சிணம் வாங்கிக்கொள்ளும் மரம், இங்கே வயலுக்கு நிழலாய், ஆட்டுக்குத் தழையாய், மனிதனுக்குக் கறியாய்க் குடும்பஸ்தனாக வாழ்கிறது. 1730-இல் இந்த ஊருக்கருகே கேஜட்லி கிராமத்தில் இம்மரங்களை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்து 363 பிஷ்ணோயிகள் உயிரை விட்டார்கள் என்பது, அந்தக் கறியைத் தின்றபின் நம்பக்கூடியதாக இருந்தது.

"நேரே வடக்கே போய்விடாதீர்கள்" என்றார் நண்பர், சுருளை என் கையில் கொடுத்து. "முதலில் மேற்கே போய், ஆறே இல்லாதவர்கள் எப்படித் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அப்புறம் ஆற்றைப் பாருங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: இந்தப் படம் ஆறு ஓடிய இடத்தைச் சொல்லும், அங்கே தண்ணீர் இருக்கிறதா என்று சொல்லாது."

பொக்ரான் சாலை

ஜோத்பூரை விட்டு இரண்டு மணி நேரத்தில், சாலையோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் முன்னே, மிளகாய் வடைக்காக வண்டியை நிறுத்தியபோது, அங்கே நின்றிருந்த ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியின் எண் பலகையில் திருச்செங்கோட்டுப் பதிவைக் கண்டு திடுக்கிட்டேன். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த இளைஞர் ஒருவர், என் முகத்தில் எதைக் கண்டாரோ, எழுந்து உட்கார்ந்து, "நம்மூருங்களாண்ணா?" என்றார்.

அவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஊரை விட்டு ஒன்பது மாதம் ஆகிறதாம். ரசத்துக்குப் புளி கிடைக்காததுதான் அவருடைய முதன்மையான குறை. சுருளைப் பிரித்துக் காட்டினேன்; ஆர்வத்தோடு பார்த்தார், ஆனால் அதிகம் மதிக்கவில்லை. "ஜோத்பூர்ப் பக்கம் பாறைங்ணா. பாறையின்னா நம்ம வண்டி இறங்கி அடிக்குமுங்க. இன்னும் மேக்கால போனா மண்ணு. ஓட்டை போடப்போடத் தூர்ந்துக்கும். அதுக்கு வேற வண்டி வேணும். தண்ணி எங்கிருக்குன்னு மேலயிருந்து சொல்லிப்போடலாமுங்க. கீழ என்ன இருக்குன்னு பிட்டு எறங்குனாத்தான தெரியும்?" ஜோத்பூர் நிபுணர் சொன்னதையே திருச்செங்கோட்டுக்காரர் வேறு வார்த்தையில் சொன்னார். விடைபெறும்போது என் பையிலிருந்த புளிசாதப் பொடியை அவரிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பிரயாணத்தில் நான் செய்த ஒரே புண்ணியம்.

அதன் பிறகு பாறை மறைந்து, சரளையும் மணலும் மாறி மாறி வந்தன. ஜைசல்மேருக்குச் சற்று முன்பாகச் சாந்தன் என்றொரு கிராமம். அங்குள்ள ஆழ்குழாய்க் கிணற்றை ராஜஸ்தானத்தார் 'தாரின் குடம்' என்று செல்லமாக அழைக்கிறார்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன், ராட்சசப் பல்லிகள் உலவிய காலத்தில் படிந்த லாட்டி மணற்பாறை இந்த வட்டாரத்துக்கு அடியில் கிடக்கிறது. அதன் நுண்துளைகளில் நல்ல தண்ணீர் தங்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்தது ஒரு பம்பு அறையும், அதன் நிழலில் ஆடுகளும்தான். குழாய் வாயில் உள்ளங்கையைக் குவித்துக் குடித்தேன். இளஞ்சூடாக இருந்தது.

ராம்கட்

ஜைசல்மேரின் பொன்னிறக் கோட்டையைப் பற்றி எழுதியவர்கள் அநேகர், நான் விட்டுவிடுகிறேன். அவ்வூருக்கு வடமேற்கே ராம்கட்டைத் தாண்டி, மணல்மேடுகளுக்கிடையே ஒரு பள்ளத்தில், ஆறேழு சிறு கிணறுகள், மரப்பலகையால் வாய் மூடப்பட்டுக் கிடந்தன. குயீ என்றும் பேரி என்றும் சொல்கிறார்கள். பெரியவர் ஒருவர், எண்பதை எட்டியவர், தலையில் மங்கிய சிவப்புப் பாகை, காதில் கடுக்கன், "கம்மா கணி, பாவ்ணா" என்று வரவேற்றார். பாவ்ணா என்றால் விருந்தாளி. அவர் இளமையில் குயீ வெட்டியவர்.

இப்பிரதேசத்தில் ஆழத்திலுள்ள ஜலம் பெரும்பாலும் உப்பு. ஆனால் சில இடங்களில் மணலுக்கடியே, அந்த உப்பு ஜலத்துக்கு மேலே, ஜிப்சம் கலந்த கெட்டித் தட்டு ஒன்று ஓடுகிறது. பெய்யும் சொற்ப மழை மணலில் இறங்கி, தட்டில் தடைப்பட்டு, கீழேயும் போகாமல், வெயிலுக்கு மேலேயும் வராமல், வெறும் ஈரமாக அங்கேயே நிற்கும். அந்த ஈரத்துக்குள் ஒரு வெற்றிடம் உண்டாக்கினால், துளித்துளியாக அதில் வந்து சேரும். அந்த வெற்றிடந்தான் குயீ. இங்கத்தியர் ஜலத்தை மூன்று சாதியாகப் பிரிக்கிறார்கள்: வானத்திலிருந்து விழுந்து ஓடுவது பாலர், ஆழ்கிணற்றில் கிடைப்பது பாதாளம், இரண்டுக்கும் நடுவே மணலின் பிடியில் இருப்பது ரேஜாணி. சமஸ்கிருதத்திலும் தமிழிலும் நீருக்கு எத்தனையோ பெயர்கள் உண்டு. ஈரத்துக்கு இப்படித் தனிப்பெயர் வைத்து, அதற்கென்று ஒரு கிணறும் வைத்தவர்களை நான் இங்கேதான் கண்டேன்.

பெரியவர் மணலில் குந்தி, இரண்டு முழங்கைகளையும் ஒட்டிக் காட்டி, குழி எவ்வளவு குறுகல் என்று நடித்துக் காண்பித்தார். உள்ளே நிமிர்ந்து கொத்த இடமிராது. கைப்பிடி குட்டையான கருவியால், குந்தியபடியே சுரண்ட வேண்டும். முப்பது முழம், அறுபது முழம் என்று இறங்க இறங்க மூச்சு முட்டும். அப்போது மேலே நிற்பவர்கள் பிடிபிடியாக மணலை வேகமாகக் குழிக்குள் எறிவார்களாம். மணலோடு புதுக்காற்று கீழே இறங்க, அடியிலிருக்கும் புழுக்கம் மேலே ஏறிவிடும். எறிந்த மணலில் தலை உடையாமலிருக்க, வெட்டுகிறவன் ஒரு பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொள்வான். சரியும் மணலைத் தடுக்கச் செங்கல் இல்லாத இடத்தில், கீம்ப் என்னும் புதரின் நாரைத் திரித்து, ஆயிரக்கணக்கான முழம் கயிறாக்கி, அடியிலிருந்து பாம்பு சுருண்டதுபோல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வருவார்கள். நான் எட்டிப் பார்த்த குயீயில் அந்தக் கயிற்றுச் சுவர் இன்னும் இருந்தது; கறுத்து, வழவழத்து, உள்ளே எங்கோ ஒரு ரூபாய் அகலத்துக்கு ஆகாயம் மின்னியது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு கிடைக்கும், பாபா-சா?"

"இரண்டு குடம். நல்ல வருஷமென்றால் மூன்று."

"அவ்வளவுதானா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "தினமும்" என்றார்.

லோட்டாவில் தண்ணீர் தந்தார். உதட்டில் படாமல் தூக்கிக் குடித்த என்னைப் பார்த்து, உங்கள் தேசத்திலும் இப்படித்தானா என்று சந்தோஷப்பட்டார். மழைத் தண்ணீரின் ருசி. கொஞ்சம் நார் வாசனை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் இந்த ஜில்லாவின் கிணற்று நீரை ஐசோடோப்பு முறையில் ஆராய்ந்து, ஆழத்து ஜலத்தில் புதுமழை கலக்கவில்லை, அது ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழையது என்று கண்டிருக்கிறார்கள். அதை இறைப்பது பாட்டியின் நகையை விற்றுச் சாப்பிடுவதற்குச் சமம். பெரியவரின் இரண்டு குடமோ தினக்கூலி.

மோகன்கட்

இந்திரா காந்திக் கால்வாய் பாய்ந்த பிறகு உண்டான குடியேற்றங்கள் இங்கே. வாய்க்காலின் பெயரெழுத்தும் எண்ணுமே பல ஊர்களுக்குப் பெயர். 2024 டிசம்பர் இறுதியில், வயலொன்றில் ஆழ்குழாய்க் கிணறு வெட்டியபோது, சுமார் 850 அடியில் பூமி பிளந்துகொண்டு தண்ணீரும் வாயுவும் பீறிட்டு எழுந்து, ரிக்கையும் லாரியையும் சேர்த்து விழுங்கிவிட்டன. "மறைந்துபோன சரஸ்வதி மாதா வந்துவிட்டாள் என்று இரவோடிரவாக ஜனங்கள் தேங்காயோடு வந்தார்கள்" என்று எங்கள் வண்டியோட்டி சொன்னார். பூகர்ப்ப நிபுணர்களோ, அது களிமண் தட்டின் கீழ் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடந்த உவர் ஜலம், எந்த வேதகால நதியையும்விட மிக மிகப் பழையது என்றார்கள். இரண்டு மூன்று நாளில் அது தானாகவே அடங்கிற்று.

நான் போனபோது எல்லாம் சமனாகிவிட்டிருந்தது. ஒரு டீக்கடைக்காரர் மட்டும், அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வைத்திருப்பதாகக் கூறி, அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். அடியில் வெண்களி படிந்து, மேலே தெளிந்திருந்தது. குடித்துப் பார்த்தீரா என்றேன். "தாயைக் குடிப்பதா? அதோடு, கரிக்கிறது" என்றார்.

கால்வாயோரம்

அங்கிருந்து பீகானேர் வழியாக வடக்கே செல்லும் நீண்ட பயணத்தில், கால்வாய் அடிக்கடி கண்ணில் பட்டு மறைந்துகொண்டிருந்தது. பஞ்சாபில் ஸட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிகேயிலிருந்து, 649 கிலோமீட்டர் நடந்து, மோகன்கட் அருகே முடியும் இந்தக் கால்வாயை 1958-இல் வெட்டத் தொடங்கினார்கள். மணலுக்கு நடுவே, கரை தளும்ப, பச்சையும் நீலமுமாக அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததும், எங்களூர்க் கண்மாய் மடையடியில் நடக்கும் சண்டைகளை நினைத்து எனக்குப் பொறாமையே உண்டாயிற்று. ஆனால் சூரத்கட் வட்டாரத்தில் சில வயல்கள் வெண்பொரி பூத்துக் கிடந்தன. பாய்ச்சிய தண்ணீர் அடியில் தேங்கி, உப்பை மேலே கொண்டுவந்துவிட்டது. பாலைவனத்தில் தண்ணீர் அதிகமாகி அழிந்த நிலத்தை அன்றுதான் முதன்முதல் பார்த்தேன்.

காளிபங்கன்

கறுப்பு வளையல் என்று பொருள்படும் இந்த ஊரின் மேட்டில், மண்வளையல் துண்டுகள் இன்றும் காலில் இடறுகின்றன. இத்தாலியரான டெஸ்ஸிட்டோரி, பீகானேர் நாட்டின் பழங்கதைப் பாடல்களைச் சேகரிக்க வந்தவர், இந்த மேட்டின் பழமையை முதலில் உணர்ந்தார். ஆனால் ஹரப்பா நாகரிகம் உலகுக்கு அறிவிக்கப்படுவதற்கு முன்பே, 1919-இல், இளம் வயதில் பீகானேரில் காலமானார். பின்னர் பி. பி. லாலும் பி. கே. தாபரும் 1960 முதல் 1969 வரை இங்கே அகழ்ந்தபோது, மதில், வீதி, அக்கினி குண்டங்கள் இவற்றோடு, உழுத வயலொன்றும் வெளிப்பட்டது. கி. மு. 2800 வாக்கில் உழுதது. ஒரு திசையில் சால்கள் நெருக்கமாக, முப்பது சென்டிமீட்டருக்கு ஒன்றாக. குறுக்குத் திசையில் ஏறக்குறைய இரண்டு மீட்டருக்கு ஒன்றாக. அந்த வயலை மறுபடி மூடிவிட்டார்கள்.

மேட்டின் வடக்கே பள்ளமாக விரிந்து கிடப்பதுதான் படத்திலிருந்த சிவப்புப் பட்டை. கக்கர் என்பது இதன் இன்றைய பெயர். உள்ளூரார் 'நாலி' என்கிறார்கள். ஷிவாலிக் குன்றுகளில் பிறந்து, மழைக்காலத்தில் மட்டும் இவ்வளவு தூரம் எட்டிப் பார்க்கும் ஒரு சிற்றாறு, எட்டுக் கிலோமீட்டர் அகலப் படுக்கையில், பெரியவரின் சட்டையைப் போட்டுக்கொண்ட சிறுவனைப்போல் ஓடுகிறது.

இந்தச் சட்டைக்குரியவன் யார் என்பதில்தான் வழக்கு. கான்பூர் ஐ.ஐ.டி.யையும் லண்டன் இம்பீரியல் கல்லூரியையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர் குழுவொன்று, இந்தப் படுக்கையில் துளையிட்டு எடுத்த மணலின் வயதைக் கணித்து, இங்கே ஓடியது ஸட்லெஜ்தான் என்றும், சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் அது விலகத் தொடங்கி, 8,000 ஆண்டுகளுக்கு முன்பே முற்றிலும் போய்விட்டது என்றும் 2017-இல் எழுதியது. அப்படியானால் காளிபங்கன் எழுந்தது, நதி போய் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின்னர். இல்லை, 9,000 முதல் 4,500 ஆண்டுகளுக்கு முன்பு வரையிலும் இமயத்து வெள்ளம் இங்கே ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று 2019-இல் வேறொரு குழு மறுத்தது. பண்டிதர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். எனக்கு முன்னவர் சொல்வதே மனத்துக்கு ஒப்புகிறது. பெருநதி உயிரோடிருந்த காலத்தில், வெள்ளத்துக்கு அஞ்சாமல் அதன் மடியில் யார் குடியிருப்பார்கள்? அது போனபின் விட்டுச் சென்ற வண்டலும், பள்ளத்தில் தேங்கும் மழையும், ஆழமில்லாத கிணறும் போதுமென்று வந்து குடியேறியவர்கள் அவர்கள். ஆறு ஒதுங்கிய பள்ளத்தில் கண்மாய் கட்டிப் பிழைக்கும் வித்தை எங்கள் பக்கத்தாருக்கும் தெரிந்ததே. மறைந்த நதி, மறைந்த நதி என்று புலம்பி எழுதுகிறவர்கள் ராம்கட் பெரியவரிடம் இரண்டு குடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு எழுதலாம்.

மேட்டை விட்டு இறங்கினால் கடுகு பூத்த வயல். ஒரு சால் கடுகும் நடுவே நெருக்கமாகக் கொண்டைக் கடலையும் விதைத்திருந்தார்கள். மண்ணுக்கடியே மூடிக் கிடக்கும் வயலின் அதே கோலம். வயற்காரர், ஐம்பது வயதிருக்கும், புதிதாக வெட்டிய ஆழ்குழாய்க் கிணற்றின் அருகே கொட்டிக் கிடந்த மணலைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். அதை அள்ளிப் பார்த்தேன். மேலே கிடந்த பாலைமணல் செம்மஞ்சள். இதுவோ சாம்பல் நிறம், ஈரம், நடுவே அபிரகத் துகள்கள் வெயிலில் மினுக்கின. இமயத்திலிருந்து ஆறுகள் சுமந்து வரும் மணல் இப்படித்தான் இருக்கும் என்று ஜோத்பூர் நண்பர் சொல்லியனுப்பியிருந்தார். கைக்குட்டையில் கொஞ்சம் முடிந்துகொண்டேன்.

"மண்ணை எடுத்துப் போகிறீர்களே, தண்ணீர் எப்படி என்று கேட்கவில்லையே" என்றார் அவர். நல்ல தண்ணீரா என்று கேட்டேன். இந்தக் கிணறு நல்ல தண்ணீர். சித்தப்பா மகன் அதோ அந்த வேலிக்கப்பால் தோண்டினான், உப்பு. அவன் மூன்று மாதமாக என்னோடு பேசுவதில்லை என்றார்.

சுருளை வரப்பில் விரித்தேன். அவர் குனிந்து, ரயில் பாதையைக் கண்டுகொண்டு, அதைப் பிடித்தபடியே விரலை நகர்த்தி, சிவப்புப் பட்டைக்கு வந்து, "என் வயல் இங்கே" என்று கட்டைவிரலை ஊன்றினார். நகத்திடுக்கில் சாம்பல் மணல் ஒட்டியிருந்தது. அந்த இடத்தில், கரைக்குக் கரை, ஆறு முழுவதும் அந்த விரலுக்கடியில் மறைந்துபோயிருந்தது.

"சித்தப்பா மகனுடையது?" என்றேன்.

விரலை எடுக்காமலே, "அதுவும் இங்கேதான்" என்றார்.